சாமான் நிறைஞ்ச பழைய வீட்டை விற்கப் போறீங்களா? காயலான் கடைக்காரரைக் கூப்பிடும் முன்னாடி இதைப் படிங்க



திருமயம் பக்கம் ராயவரம், நச்சாந்துபட்டி, குழிபிறைனு செட்டிநாட்டு ஊர்களுக்குப் போனா, பூட்டிக் கிடக்குற பெரிய வீடுகளைப் பார்க்கலாம். உள்ள கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. அதுல ஆச்சி சீரா கொண்டுவந்த பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி எல்லாம் அப்படியே இருக்கும். புதுக்கோட்டை டவுன்ல வேற மாதிரி: தனியா இருந்த பெரியவர் பழைய பேப்பர், மஞ்சப்பை, உடைஞ்ச ஃபேன்னு எதையும் தூக்கிப் போடாம சேர்த்து வச்ச வீடு.

ரெண்டு வீட்டிலயும் வாரிசுகள் செய்ற தப்பு ஒண்ணுதான். ஒரே ஞாயித்துக்கிழமையில வண்டியை வரவச்சு எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடறாங்க. அதோட பணமும் போயிடுது.

1. முதல்ல காகிதம்

டிரங்குப் பெட்டி, அரிசி டின், பீரோ லாக்கர், சாமி படத்துக்குப் பின்னாடி எல்லாம் பாருங்க. தேட வேண்டியது இவை:

- மூலப்பத்திரம். தொலைஞ்சா போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், கிடைக்கலைன்னு சான்றிதழ்னு மாசக்கணக்கில அலையணும். அசல் இல்லாம வாங்குறவருக்கு பேங்க் லோன் கிடைக்கிறது கஷ்டம்.
- எஃப்டி ரசீது, பாஸ்புக். 10 வருஷம் யாரும் கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கியோட தனி நிதிக்குப் போயிடும். வாரிசுகள் அதைத் திரும்ப வாங்கலாம். 'உத்கம்' இணையதளத்துல பெயர் போட்டுத் தேடிப் பாருங்க.
- பழைய ஷேர் சர்ட்டிஃபிகேட். 7 வருஷம் டிவிடெண்ட் வாங்காம விட்டிருந்தா அந்த ஷேரும் அரசு நிதிக்குப் போயிருக்கும். அதையும் மீட்கலாம்.
- ரிப்பேர் பில். 1.4.2001-க்கு அப்புறம் மாடி கட்டினது, கூரையை மாத்தினது மாதிரி செலவை விற்பனை லாபத்துல கழிக்கலாம். வரி குறையும்.

2. சட்டச் சிக்கல் உள்ள பொருட்கள்

100 வருஷத்துக்கு மேலான சாமி சிலைகள் 1972-ம் வருஷ தொல்பொருள் சட்டத்துல வருது. பதிவு செய்யணும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. செல்லாத 500, 1000 ரூபாய் நோட்டு 10-க்கு மேல வச்சிருந்தா அபராதம் உண்டு.

மத்த பழைய சாமானை எடைக்குப் போடாதீங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகள்ல ரெண்டு மூணு பேர்கிட்ட விலை கேளுங்க.

3. கணக்கு

ஒரு உதாரணம். காலியா இருந்தா 40 லட்சம் போகும் வீடு. சாமானோட பார்த்தவர் 35 லட்சம்தான்னு சொல்றார். பிரிச்சு எடுக்க ஆள்கூலி, வண்டி, கரையான் மருந்து எல்லாம் சேர்த்து 80 ஆயிரம்னு வைங்க. நீங்களே செஞ்சா 4 லட்சத்து 20 ஆயிரம் மிச்சம்.

ஆனா ஒண்ணு. பங்காளிகள் எல்லாரும் இருக்கும்போதுதான் பூட்டைத் திறக்கணும். மகள்களும் வாரிசுதான், மறக்காதீங்க. போட்டோ எடுத்து, லிஸ்ட் போட்டு, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு காணோம்னா போதும், பத்திர ஆபீஸுக்கு ஒருத்தர் வரமாட்டார்.

4. வாங்குறவரா நீங்க?

குவியலுக்குப் பின்னாடி இருக்குற சுவரைப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஓதமும் கரையானும் அங்கதான் இருக்கும். "காலி செஞ்சு ஒப்படைக்கணும்"னு தேதியோட அக்ரிமெண்ட்ல எழுதுங்க. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9% தனியா எடுத்து வைங்க.

5. அவங்க உயிரோட இருந்தா?

எதையும் தூக்கிப் போட முடியாம குவிக்கிறதை உலக சுகாதார நிறுவனம் ஒரு மனநலக் கோளாறாவே பட்டியல்ல வச்சிருக்கு. அம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போது வீட்டைக் காலி பண்ணாதீங்க. வீடு அவங்க பேர்ல இருந்தா கையெழுத்தும் அவங்களோடதுதான். மனநல மருத்துவரைப் பாருங்க, ஒரு நாளைக்கு ஒரு பெட்டின்னு அவங்களோட உட்கார்ந்து பிரிங்க. ரெண்டு மாசம் தாமதமானா நஷ்டமில்லை. அவங்க நம்பிக்கை போனா வீடும் விற்காது, உறவும் மிஞ்சாது.

உங்க வீட்டுப் பெட்டியில என்ன கிடைச்சதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.