மண்ணெண்ணெய் இயந்திரத்திலிருந்து டீசலுக்கு
எண்ணெய்ப் பாதையை அமைக்கும் முறை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் வானத்தை நம்பியே விதைக்கப்படுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை சில வாரங்கள் தவறுமானால், பண்ணைக்குட்டையிலோ ஓடையிலோ உள்ள நீரை இறைத்து ஒரு தண்ணீர் பாய்ச்ச வல்லவர் தம் மகசூலைக் காப்பாற்றிக்கொள்கிறார். மின் இணைப்பு எட்டாத வயல்களில் அந்த ஒரு தண்ணீருக்கு எண்ணெய் இயந்திரமே துணை. அத்தகைய நாளில் இயந்திரம் நின்றுவிடுமாயின், நஷ்டம் பழுதுபார்க்கும் கூலியோடு முடிவதில்லை. கதிர் பிடிக்கும் பயிரும் சங்கக் கடனின் தவணையும் ஒருங்கே பாதிக்கப்படுகின்றன.

பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இயந்திரங்கள் நெடுநாள் நம் வயல்களில் உழைத்தவை. ரேஷன் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு வரவரச் சுருங்கிவிட்டபடியால், அவற்றை வைத்திருந்தோர் டீசல் இயந்திரத்துக்கு மாறி வருகின்றனர். இம்மாற்றத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நிகழ்வதை நாம் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது காண்கிறோம். இயந்திரம் புதிதாக இருக்கும்; தொட்டியும் குழாயும் வடிகட்டியும் பழையனவாகவே இருக்கும். "எண்ணெய் வந்து சேர்ந்தால் போதாதா?" என்று கேட்கிறார்கள். மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கு அது போதும். டீசல் இயந்திரத்துக்குப் போதாது. ஏன் போதாது என்பதையும், பாதையை எவ்வாறு அமைக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

இரண்டு இயந்திரங்களின் வேறுபாடு

மண்ணெண்ணெய் இயந்திரத்தில் கார்புரேட்டர் என்னும் உறுப்பு உண்டு. உள்ளே விரையும் காற்று, சிறு துவாரத்தின் வழியே எண்ணெயைத் தானே உறிஞ்சிக் கலந்துகொள்கிறது; தீப்பொறி அதைக் கொளுத்துகிறது. வரும் எண்ணெய் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் தங்குவதால், குழாயில் ஒரு காற்றுக் குமிழி வந்தாலும் அது மேலே போய்விடும். தூசி அடைத்தால் துவாரத்தை ஊதிவிட்டு மீண்டும் ஓட்டலாம். இது பொறுத்துக்கொள்ளும் இயல்புடைய அமைப்பு.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. உருளைக்குள் காற்று மட்டுமே புகுந்து, ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது. அவ்வழுத்தத்தால் அதன் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறுகிறது. அந்தக் கணத்தில் எண்ணெயை நாசிலின் நுண்துளைகள் வழியே பனிப்புகைபோலப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது. பழைய இயந்திரத்தில் டீசலை ஊற்றி ஓட்ட இயலாமைக்கும் இதுவே காரணம். அதில் அவ்வளவு அழுத்தமும் இல்லை, பீச்சும் சாதனமும் இல்லை. மாற்றம் என்றால் இயந்திரத்தையே மாற்றுவதுதான்.

பீச்சும் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடும் 5 குதிரைச் சக்தி இயந்திரத்தில், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வீதம் நிமிஷத்துக்கு 750 தடவை எண்ணெய் பீச்சப்படுகிறது. மணிக்கு 45,000 தடவை. முழுப் பளுவில் அதே ஒரு மணியில் செலவாகும் டீசல் ஏறத்தாழ ஒரு லிட்டருக்குச் சற்று மேல். ஆகவே ஒவ்வொரு தடவையும் செல்வது ஒரு நீர்த்துளியில் பாதியளவே. அந்தப் பாதித் துளி, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் தள்ளப்படுகிறது. லாரிச் சக்கரத்திலுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் இது ஏறக்குறைய முப்பது மடங்கு.

இவ்வழுத்தத்தை உண்டாக்கும் பம்பை மெக்கானிக்குகள் எப்.ஐ. பம்பு என்பார்கள். அதன் தண்டுக்கும் அது ஓடும் உறைக்கும் உள்ள இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதனின் தலைமயிர் சுமார் 70 மைக்ரான் பருமனுள்ளது. கண்ணுக்குப் புலப்படாத மணல் துகளும் அங்கே அரமாகிவிடும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

இச்சாதனம் வந்த வரலாறு

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் இயந்திரத்தை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். எண்ணெயைப் பீச்ச அழுத்தப்பட்ட காற்றையே அவர் பயன்படுத்தினார். அதற்கெனத் தனியே ஒரு காற்றுப் பம்பு வேண்டியிருந்தமையால் இயந்திரம் பருத்துக் கனத்துவிட்டது. ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் சிறிய பீச்சு பம்பைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் இயந்திரம் லாரியிலும் வயலிலும் பரவலாக இடம் பெற்றது. அந்நிறுவனத்தின் தொடர்பில் பெங்களூரில் மைக்கோ தொழிற்சாலை நிறுவப்பட்டது. சென்னைச் செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி 1950-களில் பெர்க்கின்ஸ் டீசல் இயந்திரங்களைச் செய்யத் தலைப்பட்டது; அக்காலத்தில் பெட்ரோல் லாரிகள் பல, டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டு மாறின. நம் அங்கத்தினர்கள் இன்று வயலில் செய்யும் மாற்றமும் அவ்வகையைச் சேர்ந்ததே.

தொட்டி

உட்புறம் துத்தநாகப் பூச்சுள்ள தகரத் தொட்டியை டீசலுக்கு உபயோகிக்கலாகாது. துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்புப் போன்ற பசையை உண்டாக்கும். அது வடிகட்டியையும் நாசிலையும் அடைக்கும். இயந்திரத்தோடு தரப்படும் தொட்டியே உத்தமம்.

தொட்டியின் அடிப்பாகம் பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். எண்ணெய் தன் எடையாலேயே இறங்கி வர வேண்டும். தாழ்வாக வைத்தே தீர வேண்டுமானால், ஊட்டும் பம்பு ஒன்று தனியாகத் தேவைப்படும். எண்ணெய் வெளியேறும் துவாரம் அடித்தட்டுக்கு ஒரு விரற்கடை மேலே அமைய வேண்டும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. தூசியோடு அடியில் தங்கும். அதை வாரந்தோறும் வெளியேற்ற, மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு திருகு அவசியம். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபடக்கூடாது. அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி எண்ணெய் இறங்காது. "அரை மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது, சற்று விட்டு ஓட்டினால் ஓடுகிறது" என்ற புகார் வந்தால் முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். பாதித் தொட்டியிலுள்ள காற்றின் ஈரம், பனிக்கால இரவில் குளிர்ந்து நீராகிவிடும்.

குழாயும் வடிகட்டியும்

குழாய் தொட்டியிலிருந்து பம்பு வரை ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் எங்கேனும் மேடிட்டு வளைந்தால் அங்கே காற்று தங்கும். சாதாரண ரப்பர்க் குழாய் டீசலில் ஊறி உப்பி, உட்புறம் உதிரத் தொடங்கும், டீசலுக்கென்றே விற்கும் குழாயை வாங்கிக் கிளிப்பு வைத்து இறுக்க வேண்டும், கயிறு கட்டலாகாது.

முதலில் தண்ணீரையும் கனத்த தூசியையும் பிரிக்கும் கிண்ணம், அதற்குப் பின் நுண்ணிய காகித வடிகட்டி என இரு படிகளாக வைப்பது சிறந்தது. வேட்டித் துணியில் வடித்து ஊற்றுவதைச் சிலர் போதுமானதாகக் கருதுகின்றனர். நூலின் இயல்பை ஜெயங்கொண்டம் வட்டாரத்து நெசவாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு நெருக்கமாக நெய்த துணியும் பஞ்சு உதிர்க்கும், அதன் இழைச் சந்துகள் பம்பின் இடைவெளியைவிடப் பன்மடங்கு பெரியவை. காகித வடிகட்டியைக் கழுவித் திரும்பப் போடவும் கூடாது. கையேட்டில் கண்ட மணிக்கணக்கில் மாற்ற வேண்டும்.

பம்பு, நாசில், திரும்பும் குழாய்

எப்.ஐ. பம்புக்குத் தனி மசகு கிடையாது. டீசலே அதற்கு மசகு. மிச்சமிருக்கும் மண்ணெண்ணெயை டீசலில் கலந்தால் அந்த மசகு குறைந்து தண்டு தேயும். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது உண்மையே. எனினும், கடலை பயிரிடும் நம்மவர் அதைக் கேட்டுச் செக்கெண்ணெயை ஊற்றிவிடலாகாது. தாவர எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு தடித்தது; நாளடைவில் நாசிலில் கரியும் பிசினும் படியும்.

பம்பிலிருந்து நாசிலுக்குச் செல்லும் கனத்த இரும்புக் குழாயை வெட்டவோ வளைக்கவோ கூடாது. நாசிலில் கசியும் சிறிதளவு எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். கார்புரேட்டர் இயந்திரத்துக்குத் திரும்பும் குழாய் தேவைப்படாததால், பழைய தொட்டியில் அதற்கு வாயே இராது. ஓர் ஊரில் அந்தக் குழாயை அடைத்துவிட்டு இயந்திரத்தை ஓட்டியதையும், வேறோர் ஊரில் அதை மண்ணில் ஒழுகவிட்டதையும் கண்டோம். முன்னது நாசிலைக் கெடுக்கும். பின்னது பணத்தைக் கரைக்கும்.

நாசிலின் அழுத்தத்தையும் எண்ணெய் பீச்சும் நேரத்தையும் கையேட்டிலுள்ளபடி பட்டறையில் கருவி வைத்தே சரிசெய்ய வேண்டும். 5 குதிரைச் சக்தி இயந்திரங்கள் பலவற்றில், பிஸ்டன் உச்சிக்கு வர 23 டிகிரி இருக்கும்போது பீச்சுதல் தொடங்குகிறது.

காற்றை வெளியேற்றல்

காற்று அழுத்தினால் சுருங்கும். எண்ணெய் அவ்வாறு சுருங்காது. பம்பில் காற்று புகுந்தால் தண்டு காற்றை அழுத்திக்கொண்டிருக்குமேயன்றி நாசில் திறக்காது. ஆகவே தொட்டி வறண்ட பின்பும், வடிகட்டியை மாற்றிய பின்பும் காற்றை வெளியேற்றியாக வேண்டும்.

முதலாவது, வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, நுரையின்றி எண்ணெய் வரும்வரை விட்டு இறுக்குக. இரண்டாவது, பம்பின் திருகையும் அவ்வாறே செய்க. மூன்றாவது, நாசில் முனையிலுள்ள நட்டைச் சிறிது தளர்த்தி, அழுத்தம் நீக்கும் நெம்புகோலைத் தூக்கிக் கைப்பிடியைச் சுற்றுக. குமிழியின்றி எண்ணெய் கசிந்ததும் இறுக்குக. மீண்டும் சுற்றும்போது நாசில் 'கிர்' என்று ஒலிக்குமானால் பாதை சரியாயிற்று என்று கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை: நாசில் பீச்சும் திசையில் ஒருபோதும் கையை நீட்டாதீர்கள். அவ்வழுத்தத்தில் எண்ணெய் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே சிறு புள்ளியே தெரியும். வலியும் முதலில் குறைவாயிருக்கும். எனினும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

மின்தடைக்காக டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கும் நெசவாளர் சங்கங்களுக்கும் மேற்கூறியவை பொருந்தும். பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 1-4-2020 முதல் நடைமுறைக்கு வந்தபின், விற்பனையாகும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றிலும் கார்புரேட்டர் போய்ப் பீச்சும் முறை வந்துவிட்டது. அவற்றின் பம்பு தொட்டிக்குள் பெட்ரோலில் மூழ்கிக் குளிர்கிறது. தொட்டி வறள ஓட்டினால் பம்பு சூடேறிக் கெடும்.

இயந்திரக் கடன் விண்ணப்பங்களில் இயந்திரத்தின் விலை மட்டுமே காட்டப்படுவது வழக்கம். தொட்டி, இரட்டை வடிகட்டி, டீசல் குழாய், திரும்பும் குழாய் ஆகியவற்றையும் மதிப்பீட்டில் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினர் கேட்க வேண்டும். இவற்றின் மொத்தச் செலவு, எப்.ஐ. பம்பையும் நாசிலையும் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் சொற்பமே. கடைசித் தவணை கொடுக்குமுன் இயந்திரத்தை வயலிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதும், காற்றை வெளியேற்றும் முறையை அங்கத்தினர் தம் கையாலேயே செய்து காட்டுவதும் நலம். ஐப்பசியில் நீர் வேண்டும் நாளில் மெக்கானிக்கைத் தேடி அலையாதிருக்க, ஆடியிலேயே இவ்வேலைகளை முடித்து வைக்க வேண்டும்.