கோழியின் புழுதிக் குளியல்

கோழியும் குளிக்கும், தெரியுமா? தண்ணீரில் இல்லை, புழுதியில்! காலால் குழி பறித்து, புரண்டு, சிறகுக்குள் மண்ணை வாரி இறைத்துக்கொள்ளும். இறகில் ஒட்டிய பேனும் செள்ளும் குறைவது அதனால்தான். ஆகவே தூத்துக்குடிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்பவர்கள், மண் தரைக்கு அவசரப்பட்டுச் சிமெண்டு பூச வேண்டியதில்லை. 'சிமெண்டு என்றால் கழுவிவிடலாமே, மண்ணில்தானே நோய் தங்கும்?' என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குஞ்சுகளை வாட்டும் இரத்தக்கழிச்சலைப் பாருங்கள். அதன் கிருமி எச்சத்தோடு வெளியே வந்த உடனே தொற்றாது. முற்றுவதற்கு வெதுவெதுப்பும் ஈரமும் வேண்டும். வெதுவெதுப்புக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். கழுவிய சிமெண்டு காயாமல் கிடந்தால் அங்கேயும் அதே ஆபத்து. சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணலோ, பெய்த மழையை அப்படியே குடித்துவிடும். கடற்கரை மணல் வேறு கதை. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

சரி, அடைமழைக்கு? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஓராண்டு மழை ஒரே நாளில் கொட்டியதே, அதற்கு எந்தத் தரையும் தாங்காதுதான். வழக்கமான மழைக்கு மேடான தரையே போதும். ஐப்பசி பிறக்கும் முன்பே கூட்டுக்குள் ஒரு சாண் உயரம் மண் கூட்டிவிடுங்கள்; நனைந்த மண்ணை அன்றன்றே அள்ளி மாற்றுங்கள்.