மூஸா நபி கேட்ட துணை

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேற்றத்துக்கு வந்து, கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காய்ந்த புல் நிறைந்த சரிவில் சிக்கிக்கொண்டார்கள். சம்பவ இடத்திலும் பின்னர் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் உயிரிழந்தார்கள்.

விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் முதலில் மேலே ஏறியவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள்தான். போர்வைகளை டோலியாகக் கட்டி, தீக்காயம் பட்டவர்களை இருட்டில் சுமந்து இறக்கினார்கள்.

டோலியை ஒருவர் தூக்க முடியாது. பின்னால் வருபவருக்குப் பாதை சரியாகத் தெரியாது. முன்னால் போகிறவரை நம்பித்தான் அடியெடுத்து வைக்க வேண்டும். "தோள் தாங்கவில்லை, மாற்றிக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் நேரத்தில் சொல்லாமல் வீராப்பாக நடந்தால், சுமப்பவர்களும் சுமக்கப்படுபவரும் சேர்ந்து விழ வேண்டியதுதான். அந்த இடத்தில் தன் பலவீனத்தைச் சொல்வதும் வீரத்தில் அடங்கியதே.

நம் வீடுகளில் இதை மாற்றிக் கற்றுக்கொடுக்கிறோம். யாரையும் எதிர்பார்க்காதவனே ஆண்பிள்ளை என்கிறோம். அதனால்தான் கடன் கழுத்தை நெரித்தாலும், ஏலத் தோட்டத்திலிருந்து திரும்பிய இரவில் நெஞ்சு வலித்தாலும், மனைவியிடம்கூட வாய் திறக்காமல் படுத்துக்கொள்ளும் தகப்பன்மார் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அதற்குத் தவக்குல் என்று பெயர் வேறு!

ஃபிர்அவ்னிடம் போகுமாறு கட்டளை வந்தபோது மூஸா (அலை) அவர்கள் என்ன சொன்னார்கள்? தம் நெஞ்சம் நெருக்கடிக்குள்ளாகும், நாவு சரளமாக வராது, தம்மைக் கொன்றுவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன் என அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தருமாறு கேட்டார்கள். தாஹா, ஷுஅரா, கஸஸ் ஆகிய மூன்று சூராக்களிலும் இது வருகிறது. அல்லாஹ் அதற்காக அவர்களைக் கண்டிக்கவில்லை, கேட்டதைக் கொடுத்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: போகாமலிருக்க அவர்கள் அச்சத்தைக் காரணம் காட்டவில்லை. போவதற்காகவே துணை கேட்டார்கள்.

"நமக்கு அல்லாஹ் போதும், மனிதர்களிடம் ஏன் கேட்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் பின் உரைகித், அன்று முஸ்லிமாகக்கூட இருக்கவில்லை. பாதை தெரிந்தவர், நம்பிக்கைக்குரியவர் என்பதே போதுமானதாக இருந்தது. தங்கள் ஒட்டகங்களையே அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பிறகு ஸவ்ர் குகைக்கு ஓட்டி வரச் சொன்னார்கள். மக்கத்துக் குறைஷிகள் அவர்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை.