தேர்தல் வந்தால் திறக்கும் கடன் கதவு

சிட்டா, அடங்கல், வேறு வங்கியில் பாக்கி இல்லை என்ற சான்று. விவசாயி நீட்டும் காகிதங்கள் வருடா வருடம் மாறுவதில்லை. போன வருடம் அலைக்கழித்த வங்கி, இந்த வருடம் கேட்டதும் பயிர்க்கடன் கொடுக்கிறது என்றால், சட்டமன்றத் தேர்தல் எப்போது என்று பார்ப்பது நல்லது.

இது வெறும் சந்தேகமல்ல. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஷான் கோல், 1990-களின் இந்திய வங்கிக் கடன் விவரங்களை மாவட்ட வாரியாக அலசி 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தேர்தல் ஆண்டில் அரசு வங்கிகளின் விவசாயக் கடன் வளர்ச்சி மற்ற ஆண்டுகளைவிட 5 முதல் 10 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. தனியார் வங்கிகளில் அப்படி இல்லை. பணம் அதிகம் பாய்ந்தது இழுபறிப் போட்டி நடந்த மாவட்டங்களுக்கு. கடன் பெருகியும் விளைச்சல் குறிப்பிடும்படி கூடவில்லை. அந்தக் கடன்கள் சரியாகத் திரும்பவும் இல்லை. வளரும் நாடுகள் பலவற்றை ஆராய்ந்து செர்தார் தின்ச் 2005-இல் வெளியிட்ட ஆய்வும், தேர்தல் ஆண்டில் தனியார் வங்கிகளைவிட அரசு வங்கிகளே கடனைக் கூட்டுகின்றன என்றது.

மத்திய அரசின் வங்கிக்கும் மாநிலத் தேர்தலுக்கும் என்ன தொடர்பு? ஒவ்வொரு மாநிலத்திலும் வங்கியாளர் குழுமம் இருக்கிறது; தமிழ்நாட்டில் அதைக் கூட்டுவது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. கடன் இலக்கு எட்டப்பட்டதா என்று மாநில அரசு அங்கே கேட்கலாம். எழுத்தில் உத்தரவு எதற்கு? அந்தக் கேள்வியே கிளை மேலாளர் வரை இறங்கிவிடும்.

அடுத்தது தள்ளுபடி. மக்களவைத் தேர்தலுக்கு ஓராண்டு முன்பு, 2008 பட்ஜெட்டில் வந்த அறிவிப்பு 2007 டிசம்பர் 31 அன்று தவணை தவறியிருந்த கடன்களுக்கு மட்டுமே பொருந்தியது. நகையை விற்று நாள் தவறாமல் கட்டியவருக்கு ஒன்றுமில்லை. அடுத்த முறை அவர் ஏன் அவசரப்பட்டுக் கட்டுவார்?

அதற்காக வங்கிகளைத் தனியாருக்கு விற்றுவிடலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். 1969-இல் 14 வங்கிகள் அரசுடைமையானபோது நாட்டில் இருந்த கிராமக் கிளைகள் சுமார் 1,800. 1990-இல் அவை 34,000-ஐத் தாண்டின. லாபக் கணக்கு மட்டும் பார்ப்பவர்கள் அத்தனை ஊர்களுக்குப் போயிருக்க மாட்டார்கள். விதைப்புக்கு முன் வர வேண்டிய பணம் வாக்குப்பதிவைப் பார்த்து வருவதுதான் கோளாறு. தேர்தலுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு கடன் போனது என்பதை ஒவ்வொரு அரசு வங்கியும் வாக்குப்பதிவுக்கு முன்பே வெளியிட வேண்டும்.