பாற்சருக்கரையும் தோலின் ஈரமும்

மலைநாட்டில் வாழ்வோர் யாவரும் கண்டதொரு முரண் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஹற்றன் பகுதித் தேயிலை மலைகள் மழையில் ஊறிக் கிடக்கின்றன. கொழுந்து கொய்யும் தாய்மாரின் கைகள் காலை முதல் மாலை வரை நனைந்தே இருக்கின்றன. எனினும், அக்கைகளே வறண்டு வெடிக்கின்றன. இஃது ஏன் என்று வகுப்பிலே ஒரு மாணவி வினவினாள். கடையிலே பாலின் பெயரால் விற்கும் பூச்சை வாங்கித் தன் தாய்க்குக் கொடுக்கலாமா என்பதும் அவள் வினா. இரண்டிற்கும் விடை ஒன்றே.

தோலின் புறப்படை இறந்த உயிரணுக்களாலானது. அங்கே நீரைப் பற்றி வைக்கும் பொருள்கள் சில இயற்கையாகவே அமைந்துள்ளன. அமினோ அமிலங்கள், யூரியா, பாலமிலத்தின் உப்புக்கள் என்பன அவற்றுட் சில. பாலமில உப்புக்கள் மட்டும் அத்தொகுதியில் ஏறக்குறைய 12 சதவீதமாகும். இவை நீரிற் கரைவன. ஆதலின், இடையறாத மழைநீரும் சவர்க்காரமும் இவற்றைக் கழுவிச் செல்கின்றன. பின்னர்க் காற்றுப் பட்டதும், பற்றுவதற்கு ஒன்றுமில்லாத நீர் ஆவியாகிறது; தோல் வெடிக்கிறது.

இழந்ததைப் பாற்சருக்கரை ஈடுசெய்யுமா? பசும்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் நீர். 5 சதவீதத்திற்குச் சற்றுக் குறைவாகவே இச்சருக்கரை உண்டு. பாற்கட்டி செய்தபின் எஞ்சும் தெளிநீரை வற்றச்செய்து, பளிங்காக்கி இதனைப் பெறுவர். குளுக்கோசும் கலக்டோசும் இணைந்த இதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் எட்டு ஐதரொட்சிற் கூட்டங்கள் உள. அவை நீரைத் தம்பால் ஈர்க்கும். பூச்சுக்களில் இதனைச் சேர்ப்பதன் காரணம் இதுவே. ஆயினும், அப்பற்று மென்மையானது; கிளிசரீனின் பற்று அதனினும் வலியது.

பாற்சருக்கரையை நுண்ணுயிர்கள் மாற்றும்போது பாலமிலம் தோன்றுகிறது. இதனைப் புளித்த பாலிலிருந்து 1780 இல் பிரித்தறிந்தவர் சுவீடன் நாட்டிற் பணியாற்றிய சீலே என்னும் இரசாயன அறிஞர். தோலிலுள்ள உப்புக்களுக்கு மூலம் இவ்வமிலமே. ஆதலின், ஈரங்காப்பதில் இது சருக்கரையை விஞ்சும். ஆனால் வெடித்த தோலிற் பட்டால் எரியும். பச்சைப்பாலையும் வெடிப்பிலே தடவுதல் தகாது. அதன் சருக்கரை கிருமிகளுக்கும் உணவாகும்.

அங்ஙனமாயின், லயங்களில் பாட்டிமார் உதட்டிற் பாலாடை தடவியது பேதைமையோ? அன்று. பாலாடையில் மிகுந்திருப்பது கொழுப்பு. கொழுப்பு நீரை ஈர்ப்பதில்லை. உள்ள நீர் வெளியேறாதவாறு மூடிக் காக்கிறது. ஈர்க்கும் பொருளொன்று, மூடும் பொருளொன்று. தோலுக்கு இரண்டும் வேண்டும். வறண்ட காற்றில் ஈர்ப்பதை மட்டும் பூசினால், அது தோலின் உள்ளிருக்கும் நீரையே மேலிழுத்து ஆவியாகவிடக்கூடும். நுவரெலியாவிலே தைமாத இரவுகளிற் பனி உறையும் காலத்தில் இதனைச் சிறப்பாக மனங்கொள்ள வேண்டும்.

எனவே, பாற்சருக்கரை நீரைப் பற்றுமேயன்றி, நீரைப் படைக்காது. வேலை முடிந்து கைகழுவியபின், ஈரம் புலருமுன் நீர்கலந்த கிளிசரீனைச் சிறிது தடவி, அதன்மேல் தேங்காயெண்ணெய் பூசுவதே செலவு குறைந்த வழி. புட்டியின் மேலுள்ள பாற்குவளைப் படத்திற்காக நாட்கூலியைச் செலவிட வேண்டியதில்லை. பாலைக் குழந்தையின் கிண்ணத்திற்கு வைப்போம். தாயின் கைக்கு எண்ணெய் இடுவோம். அம்மாணவிக்கு நான் அளித்த விடையும் இதுவே.