பின்னம் பிசகாத பொறி

உலகம் ‘அல்ஜிப்ரா’ என வழங்கும் கணிதத்தின் பெயர் ‘அல்ஜப்ர்’ எனும் அரபுச் சொல்லின் திரிபாகும். கலீஃபா மஃமூன் ஆட்சியில் (கி.பி. 813–833) பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ அக்கலையை ஒழுங்குபடுத்தி நூல் யாத்தார். வஸிய்யத், வாரிசுப் பங்கீடு பற்றிய கணக்குகளே அந்நூலில் பெரும் பகுதி.

இன்று கணிப்பொறியும் அக்கலையைச் செய்கிறது. 1968-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய பணியின் வழிவந்த ‘மாக்ஸிமா’ எனும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. சாதாரணக் கணக்குப்பொறி 1/3 என்பதை 0.3333333 எனத் துண்டித்துவிடும். மாக்ஸிமாவோ 1/3 ஆகவே காக்கும். மதிப்பு அறியாத குறியீட்டைக் கொண்டும் சமன்பாட்டைத் தீர்க்கும்.

ஒருவர் மனைவி, இரு பெண்மக்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு மரணித்தார் எனக் கொள்வோம். கடனும் வஸிய்யத்தும் நீங்கிய சொத்தில் மனைவிக்கு 1/8, பெண்மக்களுக்கு 2/3, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 1/6. கூட்டச் சொன்னால் மாக்ஸிமா 9/8 என்னும். சொத்து ஒன்று, பங்கோ ஒன்றுக்கும் மேல்! கூட்டிக் கொடுத்ததுடன் பொறியின் வேலை முடிந்தது.

ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றவாறே இதற்குத் தீர்ப்பளித்ததாக அறிவிக்கப்படுகிறது; எனவே இது ‘மிம்பரிய்யா’ எனப் பெயர்பெற்றது. 24 பங்கை 27 ஆக்கி, அனைவர் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைப்பதே ‘அவ்ல்’. மனைவிக்கு 3, பெண்மக்களுக்கு 16, பெற்றோர்க்கு 4, 4. மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாயிற்று.

அன்பர்களே! எதைக் கணக்கிடுவது என்பதை மார்க்க அறிவே கூறவேண்டும். பெண்மக்களை விட்டுவிட்டுக் கேட்டாலும் பொறி தயங்காமல் விடை தரும். தயங்க வேண்டியவர்கள் நாமே.