விவாதத்துக்கு ஒரு வரைபடம்

கூட்டங்களில் உரத்த குரலே பெரும்பாலும் வெல்கிறது. ஒரே வாதம் பத்துத் தடவை ஒலித்தால் பத்து வாதங்களாகத் தோன்றுகிறது. மெல்லிய குரலில் எழுந்த ஆட்சேபமோ கூட்டக் குறிப்பிலும் இடம்பெறுவதில்லை.

1970 இல் வேர்ணர் குன்ஸ், ஹோர்ஸ்ட் ரிட்டெல் ஆகிய இருவரும் இதற்கொரு மாற்றுமுறையை முன்வைத்தனர். பிரச்சினை வினாவாக எழுதப்படும், அதன்கீழ் விடைகள், ஒவ்வொரு விடையின்கீழும் ஆதரவும் மறுப்பும் கிளைவிடும். அவுஸ்திரேலிய முன்னாள் அமைச்சர் பீற்றர் போல்ட்வின், டேவிட் பிறைஸுடன் இணைந்து உருவாக்கிய 'டிபேட்கிராப்', 2017 இல் வெளிவந்த 'கியாலோ' ஆகிய இணைய மென்பொருள்கள், இத்தகைய வரைபடத்தைப் பலர் கூடி வரைய வழிசெய்தன. அங்கு ஒரு வாதத்தை ஒருமுறை எழுதினாற் போதும். மறுப்பு, கூற்றுடன் இணைக்கப்படுகிறது, கூறியவருடன் அன்று.

நமது வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில், வாழும் நாட்டு மொழியில் பாடத்தை விளக்கலாமா? விளங்கினாற்றான் பிள்ளை தொடர்ந்து வரும் என்பது ஒரு கிளை. வகுப்பிலும் தமிழ் ஒலிக்காவிடின் வேறெங்கு ஒலிக்கும் என்பது மறுகிளை. இரண்டும் அருகருகே நிற்கையில், இரு தரப்பினரும் அஞ்சுவது ஒரே இழப்புக்கே என்பது புலப்படும்.

வரைபடம் தீர்ப்புக் கூறாது. ஆனால் தோற்ற கருத்தையும் அழியாது காக்கும். சிறு முரண்பாட்டாலும் சங்கங்கள் இரண்டாகும் சூழலில், அது சிறிய உதவியன்று.